கார் ஷெட் தேடி ஐந்து நாள்

முதல் நாள்: வீஸ்லோக், லாடன்பர்க்

பயணம் போகிறேன் என்றதும் எங்கே என்று கேட்டார்கள். பழைய கார் ஷெட்டுகளைப் பார்க்க என்றேன். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

‘வண்டி ஷெட்டில் இருக்கு’ என்று தமிழில் சொன்னால் இரண்டு அர்த்தம் வரும். ஒன்று, வீட்டில் பத்திரமாக நிற்கிறது. இன்னொன்று, மெக்கானிக்கிடம் படுத்துவிட்டது. ஆங்கிலத்தில் கராஜ் என்ற சொல்லுக்கும் இதே இரட்டை வேலைதான். நிறுத்துவது, பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது, கழுவுவது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே எப்படி வந்து சேர்ந்தன என்பதுதான் என் கேள்வி. அதற்கான விடையைக் கட்டடங்களிலேயே தேடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

தொடங்க வேண்டிய இடம் ஒரு மருந்துக்கடை. தென்மேற்கு ஜெர்மனியில், ஹைடல்பர்க்குக்குத் தெற்கே இருக்கிறது வீஸ்லோக் என்ற சிற்றூர். ரயில் நிலையம் ஊரை விட்டுத் தள்ளி இருந்ததால் பஸ் பிடித்துப் போனேன். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, அவர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வழியில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. அப்போது பெட்ரோல் பங்க் ஏது? கறை நீக்க விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை இந்த ஊர் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். ‘உலகின் முதல் பெட்ரோல் பங்க்’ என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வாசலில் நினைவுச் சின்னமும் உண்டு.

எனக்கு அதைவிட அந்தப் பயணத்தின் மிச்சக் கதைதான் பிடிக்கும். சங்கிலி மக்கர் செய்தபோது ஒரு கொல்லரிடம் போனார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்து வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டதும் தன் தொப்பி ஊசியால் தானே குத்தி எடுத்தார். தண்ணீரை ஊருக்கு ஊர் நிறுத்தி ஊற்றினார். ஒரு ஒர்க்ஷாப்புக்கு வேண்டியது அத்தனையும் அன்றைக்கு இருந்திருக்கிறது. ஆனால் வழிநெடுக, ஒன்று இந்த ஊரில், இன்னொன்று அடுத்த ஊரில் என்று சிதறிக் கிடந்தது.

மத்தியானம் லாடன்பர்க். நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள பழைய ஊர். கார்ல் பென்ஸ் கடைசிக் காலத்தில் இங்கேதான் இருந்தார், 1929-ல் இங்கேயே காலமானார். அவர் வீட்டுத் தோட்டத்தில் 1910-ல் கட்டிய கார் ஷெட் இன்னும் நிற்கிறது. ஷெட் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அது ஒரு குட்டிக் கோட்டைக் கொத்தளம். உச்சியில் பல் பல்லாகக் கோட்டை மதில் வேலை. கீழே வண்டிக்கு அகலக் கதவு, மேலே பெரியவர் உட்கார்ந்து படிக்க ஓர் அறை.

‘உலகின் மிகப் பழைய கராஜ்’ என்ற பட்டத்தையும் இதற்குக் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டேன். 1910-க்கு முன்பே பணக்கார வீடுகளில் மோட்டார் வண்டிக்கென்று தனியாகக் கொட்டில் கட்டத் தொடங்கிவிட்டார்கள். பட்டம் கிடக்கட்டும். காரை உருவாக்கிய மனிதருக்கே கார் நிற்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியவில்லையே, அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. புதுப் பொருளுக்கு உருவம் அமையாதபோது கோட்டை வேஷம் போட்டுவிட்டார். கதவு அகலத்தை மட்டும் எந்த வேஷத்தாலும் மறைக்க முடியவில்லை.

இரண்டாம் நாள்: பாரிஸ்

மான்ஹைமிலிருந்து பாரிசுக்கு நேர் ரயில் இருக்கிறது. என் ரயில் நடுவழியில் ஓர் ஊரில் முக்கால் மணி நேரம் சும்மா நின்றது. காரணம் மூன்று மொழியில் சொன்னார்கள், மூன்றும் புரியவில்லை.

இன்று பார்க்க வந்தது இல்லாத ஒரு கட்டடம். சாம்ஸ் எலிசேவுக்கு இணையாக ஓடும் பொந்த்யூ தெருவில், 51-ஆம் எண்ணில், கட்டடக் கலைஞர் ஒகுஸ்த் பெரே 1907-ல் ஒரு கராஜ் கட்டினார். கட்டடக்கலை படித்தவர்களுக்கு அதன் படம் மனப்பாடமாக இருக்கும். தெருப்பக்க முகப்பு முழுக்க வெளிப்படையான கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும், நடுவில் மாதா கோயிலின் வட்டச் சன்னல் மாதிரிக் கோலம் போட்ட பெரிய கண்ணாடி. அதற்கு முன்பு கான்கிரீட்டைக் கட்டடத்தின் எலும்பாக வைத்து, மேலே கல்லோ ஓடோ பதித்து மறைத்துவிடுவார்கள். பெரேயே 1903-ல் ஃபிராங்ளின் தெரு வீட்டில் அப்படித்தான் செய்திருந்தார். கராஜ் என்றதும் துணிச்சல் வந்துவிட்டது. யார் கேட்கப் போகிறார்கள், கார்தானே குடியிருக்கப் போகிறது!

உள்ளே வண்டியை மேல்தளத்துக்கு ஏற்ற லிஃப்ட். மேலே போனதும் அதை இடம் மாற்ற நகரும் பாலம். பிறகு வந்த கராஜ்கள் கார் ஏறிப் போகச் சாய்தளம் கட்டின. இங்கே கார் அசையாமல் நின்றது, கட்டடம்தான் அதைத் தூக்கிச் சுமந்தது.

1970-ல் இடித்துவிட்டார்கள். தெருவில் நின்று எண்ணைப் பார்த்தேன், படம் எடுத்தேன், படத்தில் ஒன்றும் இல்லை. சரி என்று ஃபிராங்ளின் தெருவுக்கு நடந்தேன். 25பி எண் வீடு அப்படியே இருக்கிறது, பூவும் இலையுமாகப் பீங்கான் ஓடு பதித்து, பார்க்க அழகாக. பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி கான்கிரீட்டைப் பூவில் மறைத்திருக்கிறார். வீடு பிழைத்துக்கொண்டது, ஷெட் போய்விட்டது. யாருக்கும் ஷெட்டை இடிப்பதில் மனம் பதறுவதில்லை.

கராஜ் என்ற சொல்லே பிரெஞ்சுக்காரர்களுடையது. ‘காரே’ என்றால் ஒதுக்கி நிறுத்துவது, படகுக்கும் ரயில் பெட்டிக்கும் முதலில் சொன்னது. ஷோஃபர் என்ற சொல்லும் இங்கிருந்து வந்ததுதான். நீராவிக் காலத்தில் கொதிகலனைச் சூடாக்கியவர் என்பதுதான் அதன் மூலப் பொருள். தீ போட்டவர் பிறகு ஸ்டீயரிங் பிடித்தார். அவர் எங்கே தூங்கினார் என்பதை லண்டனில் பார்க்கலாம்.

மூன்றாம் நாள்: லண்டன், டயர் மாளிகை

இந்த நாளைப் பற்றி நீளமாக எழுதப் போகிறேன், மன்னிக்கவும்.

சவுத் கென்சிங்டன் பாதாள ரயில் நிலையத்தில் இறங்கி ஃபுல்ஹாம் சாலையில் நடந்தால், ஒரு மூலையில் திடீரென்று மிச்செலின் டயர் கம்பெனியின் கட்டடம் வருகிறது. 1911 ஜனவரி 20-ஆம் தேதி திறந்தது. வரைந்தவர் ஃபிரான்சுவா எஸ்பினாஸ், மிச்செலின் கம்பெனியில் வேலை பார்த்தவர். வெளியே மினுமினுக்கும் பீங்கான் ஓடு, உள்ளே ஹென்னபிக் முறையில், அதாவது இரும்புக் கம்பி வைத்து வார்த்த கான்கிரீட் கூடு. கூரையின் முன்பக்கம் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். உற்றுப் பார்த்தால் குமிழ் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த டயர்கள்.

சுவரைச் சுற்றிப் பீங்கான் படங்கள் பதித்திருக்கிறார்கள், மொத்தம் 34. எர்னெஸ்ட் மோந்தோ வரைந்தவற்றைப் பாரிஸில் சுட்டுக் கொண்டுவந்தது. அத்தனையும் பந்தயக் கார், பந்தய சைக்கிள். மோந்தோ வேகத்தைக் காட்டச் சக்கரத்தை நீள்வட்டமாக முன்பக்கம் சாய்த்து வரைந்துவிடுவார். ஓட்டுநரும் முன்னால் குனிந்திருப்பார், பின்னால் புழுதி. ஒரு படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றேன். ஓட்டின் மேல்பூச்சில் மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தன, பழைய ஊறுகாய் ஜாடியில் இருக்குமே, அதே மாதிரி. அந்த விரிசல்களுக்குள் நூறு வருஷத்துக் கரி.

இப்போது முகப்பைத் தாண்டி உள்ளே வாருங்கள். கீழ்த்தளத்தின் முன்பகுதிதான் விஷயம். 1911-ல் இங்கே கார் நேராக உள்ளே வந்து நிற்கும், ஆட்கள் ஓடி வந்து டயரை மாற்றுவார்கள். அடித்தளத்தில் 30,000 டயருக்கு மேல் இருப்பு. அங்கிருந்து லிஃப்டில் ஏறி வரும் டயரை யாரும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. தரையையே முன்பக்கம் கொஞ்சம் சரிவாகக் கட்டிவிட்டார்கள், உருட்டிவிட்டால் தானாக வாசலுக்கு வந்துவிடும். எனக்கு இந்தச் சரிவுதான் கட்டடத்தின் உயிர்நாடி. வண்ணக் கண்ணாடியை யார் வேண்டுமானாலும் வைப்பார்கள். டயர் உருளும் பொருள் என்று நினைவில் வைத்துத் தரை போட்டவன் கெட்டிக்காரன்.

காரை எடைபோட ஒரு தராசும் இங்கே இருந்தது. இத்தனை எடைக்கு இத்தனை காற்று என்று அப்போது கணக்குப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பக்கத்திலேயே பயண அலுவலகம், ஓட்டுபவர்கள் உட்கார்ந்து வரைபடம் பார்த்து வழியைக் குறித்துக்கொள்ளலாம். ஜனங்கள் தூரமாகப் போனால்தானே டயர் தேயும், தேய்ந்தால்தானே விற்கும். அதற்கு மேசை, நாற்காலி, பேனா எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள்.

வாசல் தரையில் சின்னச் சின்னக் கல் பதித்த ஓவியம். கம்பெனியின் சின்னமான டயர் மனிதன் பிபெண்டம் கையில் ஒரு கோப்பை, அதற்குள் ஆணி, திருகாணி. ‘இப்போது குடிக்க வேண்டும்’ என்ற லத்தீன் வரி. எங்கள் டயர் ஆணியையும் குடித்துவிடும் என்று பொருள். பஞ்சர் அன்றைய ஓட்டுநர்களுக்கு எத்தனை பெரிய தலைவலி என்பது அந்தக் கோப்பையில் தெரிகிறது. நான் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே போகவேண்டியவர்கள் என்னைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள், ஒருவர் பையால் என் தலையில் இடித்துவிட்டு ‘சாரி’ சொன்னார்.

மேலே இருக்கும் மூன்று பெரிய வண்ணக் கண்ணாடிகளும் அசல் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுக்குப் பயந்து கழற்றிப் பாதுகாப்பாக அனுப்பி வைத்தார்கள், அனுப்பிய இடத்தில் தொலைந்துவிட்டன. குண்டிலிருந்து தப்பியது பத்திரப்படுத்தியதில் போய்விட்டது! 1985-ல் மிச்செலின் வெளியேறியதும் வடிவமைப்பாளர் டெரன்ஸ் கான்ரானும் பதிப்பாளர் பால் ஹாம்லினும் வாங்கிப் புதுப்பித்தார்கள். பழைய படங்களைப் பார்த்துக் கண்ணாடியையும் மறுபடி செய்தார்கள். இப்போது கார் வந்து நின்ற இடத்தில் ஜனங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

பெர்த்தா தேடிப் போன கொல்லர், செருப்புத் தைப்பவர் இரண்டு பேரையும் இருபத்து மூன்று வருஷத்தில் பீங்கான் பதித்த ஒரே மாளிகைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. மருந்துக்கடைக்காரர் மட்டும் இன்னும் வெளியே. பெட்ரோலை அப்போதும் தகர டின்னில்தான் விற்றார்கள்.

நான்காம் நாள்: லண்டன், ஷோஃபர்களின் ஊர்

காலையில் கென்சிங்டன் பக்கத்துச் சந்துகளில் நடந்தேன். பெரிய வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ஓடும் இந்தச் சந்துகளுக்கு ‘மியூஸ்’ என்று பெயர். கீழே குதிரை லாயமும் வண்டிக் கொட்டகையும், மேலே வண்டிக்காரர் குடும்பம். கார் வந்ததும் குதிரை போயிற்று, கார் அதே கதவு வழியாக உள்ளே நுழைந்தது, ஷோஃபர் மாடியேறினார். முதல் கார் ஷெட் என்பது புதிதாகக் கட்டியது இல்லை, காலியான லாயம்.

ஆனால் குதிரை கேட்காத சிலவற்றைக் கார் கேட்டது. அடியில் இறங்கி வேலை பார்க்கத் தரையில் பள்ளம் வெட்ட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அந்தப் பள்ளத்தில்தான் போய்த் தங்கும், விளக்கோடு இறங்கினால் ஆபத்து. குளிரில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து எஞ்சினில் விரிசல் விழுந்துவிடும், அதனால் கொட்டகைக்குள் வெந்நீர்க் குழாய் ஓட வேண்டும். ஆனால் தீ எரியும் கொதிகலன் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். கழுவ முன்னால் ஒரு முற்றம், மேலே கண்ணாடிப் பந்தல். திரும்ப இடம் பத்தாவிட்டால் தரையில் சுழலும் வட்டத்தட்டு. காளைக்குச் சொறிந்து கொடுப்பது போலக் கவனித்திருக்கிறார்கள்.

அப்புறம் கிங்ஸ் சாலை, ப்ளூபேர்ட் கராஜ். 1923-ல் கட்டியது. வெள்ளை முகப்பு, முன்னால் பெரிய முற்றம், சுமார் 300 கார் நிற்குமளவு கூடம். இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது கார் இல்லை, காத்திருப்பவர்களுக்கான அறைகள். பெண்களுக்கு ஒன்று, தானே ஓட்டிவரும் முதலாளிகளுக்கு ஒன்று, ஷோஃபர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக இளைப்பாறும் அறை வைத்திருந்தார்கள். தானே ஓட்டுபவருக்கும் சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கும் கையில் ஒரே கிரீஸ்தான் ஒட்டுகிறது. அதனால்தானோ என்னவோ, நடுவில் சுவர் வைத்துவிட்டார்கள். பிறகு இந்த இடம் ஆம்புலன்ஸ் நிலையமாக இருந்தது, 1997 முதல் உணவகம்.

பிக்கடிலியில் 160-ஆம் எண், உல்ஸ்லி கார் ஷோரூம். 1921-ல் வில்லியம் கர்டிஸ் கிரீன் கட்டினார், அரண்மனைக்குக் குறைவில்லை. ஐந்தே வருஷத்தில் கம்பெனி நொடித்துவிட்டது. பிறகு வங்கி, இப்போது அதுவும் உணவகம். லண்டனில் பழைய மோட்டார் கட்டடம் என்றால் பாதி நேரம் மெனு கார்டோடு ஆள் நிற்கிறார். பக்கத்தில் டென்மன் தெருவில் 1901-லேயே ஏழு மாடியில் மின்சாரக் கார்களுக்கு ஒரு நிறுத்துமிடம் இருந்தது, லிஃப்டில் ஏற்றுவார்கள். ஆமாம், மின்சாரக் கார், 1901-ல். கட்டடம் இப்போது இல்லை.

சோஹோவில் ப்ரூவர் தெரு கராஜ் மட்டும் விதிவிலக்கு. 1929-ல் வந்தது, இன்னும் கார் நிறுத்துகிறார்கள். சாய்தளத்தில் ஒரு கார் இறங்கி வர, டயர் கிறீச்சிட்டது, எனக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். இந்த நான்கு நாளில் கேட்ட முதல் டயர் சத்தம், கராஜுக்குள்ளே.

சாயங்காலம் ரஸ்ஸல் சதுக்கம் தாண்டி ஹெர்ப்ராண்ட் தெரு. டெய்ம்லர் வாடகைக் கார் கம்பெனிக்காக வாலிஸ், கில்பர்ட் கூட்டாளிகள் 1931-ல் கட்டியது. தெருமுனை திரும்பியதும் வாய் பிளந்து நின்றேன். வெள்ளைக் கட்டடம், அதன் ஒரு பக்கத்தில் முறுக்கிக்கொண்டு ஏறும் சாய்தளம், ஜிலேபியை நிமிர்த்தி வைத்தது போல. கோட்டை வேஷமும் இல்லை, கோயில் சன்னலும் இல்லை. கார் எந்த வழியில் ஏறுமோ அந்த வழிதான் கட்டடத்தின் முகம். லாடன்பர்க் கொத்தளத்துக்கும் இதற்கும் இருபத்தொரு வருஷம்தான் இடைவெளி. பெர்லினில் 1930-ல் திறந்த கான்ட் கராஜில் ஏறுகிற வழியும் இறங்குகிற வழியும் ஒன்றையொன்று தொடாமல் பின்னிக்கொண்டு போகும் இரட்டைச் சாய்தளம் இருக்கிறது. இந்தத் தடவை அங்கே போக நேரமில்லை, அந்த வருத்தத்தை இங்கே நின்று தீர்த்துக்கொண்டேன்.

பிறகு இது ஒரு விளம்பரக் கம்பெனியின் அலுவலகமாக இருந்தது, இப்போதும் அலுவலகக் கட்டடம்தான். உள்ளே போய்ச் சாய்தளத்தில் ஒரு தடவை நடந்து பார்க்கலாமா என்று காவலாளியிடம் கேட்டேன். ‘முடியாது’ என்றார் சிரித்துக்கொண்டே. எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ. எதிர்ப்பக்க நடைபாதையில் இருட்டும் வரை நின்றேன். மழை வந்தது, குடை விடுதியில் இருந்தது.

ஐந்தாம் நாள்: ஆக்ஸ்ஃபோர்டு

ஜலதோஷத்தோடு ரயில் ஏறினேன்.

லாங்வால் தெரு குறுகலானது. ஒரு பக்கம் மாட்லின் கல்லூரியின் உயரமான கல்மதில், எதிர்வரிசையில் செங்கல் முகப்போடு அடக்கமாக ஒரு கட்டடம். தெரியாதவர்கள் ஏதோ பழைய பள்ளிக்கூடம் என்று தாண்டிப் போய்விடுவார்கள். சைக்கிள் கடைக்காரரான வில்லியம் மாரிஸ் 1902-ல் இங்கே இருந்த பழைய லாயத்தை வாடகைக்கு எடுத்தார். சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார் வாடகை, பழுது பார்ப்பது என்று தொழில் வளர்ந்தது. 1910-ல் அந்த இடத்தில் புதிய கராஜ் எழுந்தது. மாரிஸின் முதல் கார் உருவானது இங்கேதான், 1913-ல் விற்பனைக்கு வந்தது.

மாரிஸ் கராஜஸ் என்ற பெயரின் முதலெழுத்துகள்தான் எம்.ஜி. கார். எம்.ஜி. என்றதும் மூன்றாவது எழுத்தைத் தேடும் பழக்கம் நமக்கு, என்ன செய்வது! உலகம் முழுக்க ஓடும் ஒரு காரின் பெயரில் ஷெட் ஒளிந்திருக்கிறது என்பது எனக்கே இந்தப் பயணத்துக்குப் படித்தபோதுதான் உறைத்தது.

லாயம், சைக்கிள் கடை, பழுதுபார்க்கும் பட்டறை, கடைசியில் தொழிற்சாலை. வீஸ்லோக்கில் தொடங்கியபோது வழியெல்லாம் சிதறிக் கிடந்ததை இந்த மனிதர் ஒரே ஊரில், ஒரே வாழ்நாளில் அடுக்கிவிட்டார். மருந்துக்கடைக்காரர் மட்டும் இங்கிலாந்தில் இன்னும் கொஞ்ச காலம் தனியாகத்தான் நின்றார். சாலையோரத்தில் பெட்ரோலுக்கென்றே ஒரு நிலையம் ஆல்டர்மாஸ்டனில் வந்தது முதல் உலகப் போர் முடிந்த பிறகுதான்.

கட்டடம் இப்போது நியூ காலேஜ் மாணவர்களின் விடுதி. தெருவைப் பார்த்த ஒரு சன்னலுக்குள் கராஜின் பழைய கதையைப் படங்களோடு வைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று படித்தேன். என் மூச்சில் கண்ணாடி மங்கியது, கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கார் உள்ளே போன பழைய வழி எது என்று சுவரில் தேடினேன். வளைவுக்குக் கீழே தரைக்கல் ஓரத்தில் ஒரு தேய்மானம் தெரிந்தது. சக்கரம் தேய்த்ததா, குப்பைத் தொட்டி இழுத்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன். படம் எடுத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து மணி அடித்தது. மாணவி ஒருத்தி சைக்கிளிலிருந்து இறங்கி, நான் நகரும் வரை காத்திருந்து, சன்னலுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்துப் பூட்டினாள். முன்சக்கரத்தில் காற்று குறைந்திருந்தது. அவள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.